பாதி மாடு, பாதி நஸீஹா

அத்தியாயம் 14

பாதாம் சர்பத் தட்டில் பல் விழுந்து இன்றோடு பதினேழு நாள்.

தலந்தா வீட்டு நிச்சயதார்த்தத்தில் நஸீஹாதான் முதல் குலவை விடுவாள் என்று எல்லாப் பெண்களும் காத்திருந்தார்கள். ஸ்ஃபாக்ஸ் நகரில், பாப் ஜெப்லிச் சந்தைக்குப் பின்னால் இருக்கும் நான்கு தெருக்களிலும் அவள் குலவை கேட்காமல் ஒரு மோதிரமும் விரலில் ஏறியதில்லை. அன்றும் கையை வாய்க்கு முன்னால் வைத்துத் தொடங்கினாள். நாக்கு மூன்றாவது சுற்று சுற்றும்போது மேல்வரிசை முன்பற்கள் ஆறும் தகட்டோடு கழன்று, விரல்களுக்கு இடையே நழுவி, சர்பத் குவளைகளுக்கு நடுவே போய் விழுந்தன.

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அவளை அதிகம் சுட்டது.

ஒன்பது வருடம் மாட்டிய பொய்ப்பல் தகடு. அது அழுத்தி அழுத்தி, பல் நிற்க வேண்டிய எலும்பு மேடே கரைந்துவிட்டது என்று போன வாரம் டாக்டர் யுஸ்ரா ஸ்கேன் படத்தைக் காட்டிச் சொன்னாள். ஆறு மில்லிமீட்டராவது அகலம் வேண்டிய இடத்தில் இரண்டரைதான் மிச்சம். மேட்டைத் திரும்பக் கட்ட வேண்டும். அதன் பிறகுதான் பல்லைத் தாங்கும் திருகு, அதற்கும் பிறகு பல். வியாழக்கிழமை அறுவை. எந்த எலும்பைக் கொண்டு கட்டுவது என்று செவ்வாய் மதியத்துக்குள் சொல்ல வேண்டும்.

இன்று செவ்வாய்.

நஸீஹா சமையலறையில் காப்பியில் ரொட்டியை நனைத்துக்கொண்டிருந்தாள். மகள் இன்ஸாஃப் எதிரில் உட்கார்ந்து கிளினிக் கொடுத்த தாளைப் படித்தாள். கணவன் மொங்கி விடியும் முன்பே தன் கறிக்கடைக்குப் போய்விட்டான்.

"நாலு வழி இருக்கு உம்மி. உன் எலும்பு. தானம் குடுத்தவங்க எலும்பு. மாட்டெலும்பு. இல்லன்னா தொழிற்சாலையில செஞ்சது."

"நாலு வழி இருக்கறவளுக்குத்தான் வழி தெரியாம போகும்."

வாசல் கதவு தட்டப்படாமலே திறந்தது. மொங்கியின் அக்கா தலந்தா. கையில் ஒரு கிண்ணம் பார்லி மாவு, வந்ததற்கு ஒரு சாக்காக.

"என்ன, முடிவாச்சா? யாரோ செத்தவன் எலும்ப வைப்பாங்களாமே. பாத்துக்கோ, அவன் உசுரோட இருக்கும்போது சொன்ன பொய்யெல்லாம் உன் வாயிலேர்ந்து வரப்போவுது."

"எனக்குப் பொய் சொல்ல வெளியாள் எதுக்கு? பதினேழு நாளா உன் வீட்டு சர்பத் நல்லாருந்துச்சுன்னு சொல்லிட்டுதான இருக்கேன்."

தலந்தா சிரித்தாள். உட்கார்ந்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"கல்யாணத்துக்கு என்ன செய்யப்போற?"

நஸீஹா ரொட்டியைக் கீழே வைத்தாள்.

இன்ஸாஃபின் கல்யாணம் ஜூலை பன்னிரண்டு. மாப்பிள்ளை நிஸார் சரக்குக் கப்பலில் எஞ்சினியர். ஜூலையில் மூன்று வாரம் கரையில் இருப்பான், அடுத்தது டிசம்பரில்தான். ஜூலைக்கு இன்னும் ஐந்து மாதம். வியாழக்கிழமை வாயை அறுத்தால் ஜூலையில் பாதி ஆறிய மேட்டோடு, பல் இல்லாமல் நிற்க வேண்டும். கல்யாணம் முடியட்டும் என்று தள்ளிப்போட்டால் இருக்கிற இரண்டரையும் போய்விடும், அப்புறம் என் கையில் எதுவும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டாள்.

"பொண்ணோட அம்மா குலவை விடாத கல்யாணத்த நான் பாத்ததில்ல. வேணும்னா நான் விடறேன்," என்றாள் தலந்தா.

"நீ விட்டா மாப்பிள்ள வீட்டுக்காரங்க தீயணைப்பு வண்டின்னு வழிவிட்டு ஒதுங்குவாங்க."

இன்ஸாஃப் சிரிக்கவில்லை. தாளைப் புரட்டுவதுபோல் தலையைக் குனிந்து, மேசைக்கடியில் போனில் எழுதினாள். 'நிஸார், டிசம்பருக்கு மாத்திக்கலாமா? உம்மிக்காக. அவகிட்ட இன்னும் சொல்லல.' அனுப்பினாள். செய்தி எந்தக் கடலைத் தாண்டி, எந்தக் கப்பலின் எந்த அறைக்குள் போய் விழும் என்று அவளுக்குத் தெரியாது. போன் வரைபடத்தில் நகரும் நீலப் புள்ளியாக மட்டுமே அவன் இருக்கும் கடல் அவளுக்குத் தெரியும்.

"இன்னொண்ணு," என்றாள் நஸீஹா, மகளைப் பார்த்து. "மாட்டெலும்புன்னா அது எங்கிருந்து வருது? ராத்திரி உன் பாபாகிட்டயும் கேட்டேன். எவன் அறுத்தானோ, பிஸ்மில்லா சொன்னானோ இல்லையோ. அது என் வாய்க்குள்ள, நான் தொழும்போதும் இருக்கும்."

"பாபா என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல. திரும்பிப் படுத்துட்டார்."

*

கிளினிக்கில் டாக்டர் யுஸ்ரா தகட்டைக் கழற்றச் சொன்னாள்.

நஸீஹா முதலில் கதவைப் பார்த்தாள். மூடியிருந்தது. அறையில் டாக்டர், உதவிப் பெண், இன்ஸாஃப். மொங்கி கடையில். ஒன்பது வருடத்தில் ஒருநாள்கூட அவன் முன்னால் தகட்டைக் கழற்றியதில்லை அவள். குளியலறையில், விளக்கை அணைத்துவிட்டு, கையால் தடவிக் கழுவுவாள். தூங்கும்போதும் மாட்டிக்கொண்டே தூங்குவாள், கூடாது என்று எத்தனை பேர் சொல்லியும்.

கழற்றினாள். உதடு உள்ளே விழுந்தது. கண்ணாடியில் தெரிந்தவளை அவளுக்குப் பிடிக்கவில்லை.

டாக்டர் மேசையில் மூன்று சின்னக் குப்பிகளை வரிசையாக வைத்தாள். மூன்றுக்குள்ளும் வெள்ளைக் குறுணை.

"லல்லா நஸீஹா," என்று மரியாதைச் சொல்லோடு தொடங்கினாள். "இது மாடு. இது மனுஷங்க தானம். இது செயற்கை. நாலாவது உங்ககிட்டயே இருக்கு, அத நான் குப்பில காட்ட முடியாது."

"மூணும் ஒண்ணு மாதிரியே இருக்கே. நடுத்தர குஸ்குஸ் ரவை."

"உள்ள போனதும் வேற வேற மாதிரி நடந்துக்கும். தானம் குடுத்த எலும்ப சுத்தம் பண்ணி உலர்த்தி அனுப்புவாங்க. நல்லதுதான்."

நஸீஹா அந்தக் குப்பியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். தலந்தாவின் வேடிக்கை நினைவுக்கு வந்தது. ஆனால் கையில் பிடித்தபோது வேடிக்கையாக இல்லை.

"யாரோ ஒருத்தர் வீட்ல அழுதுகிட்டே சரின்னு சொல்லியிருப்பாங்க," என்றாள். மெதுவாக அதே இடத்தில் திரும்ப வைத்தாள். "அவங்களுக்கு அல்லா கருணை காட்டட்டும். எனக்கு வேணாம் டாக்டர். இதவிடப் பெருசா தேவைப்படற யாருக்காவது போகட்டும்."

"சரி. செயற்கை, சின்னப் பள்ளத்த நிரப்ப நல்லாருக்கும். உங்களுக்கு வேண்டியது சுவர். அதுக்கு அத மட்டும் நம்ப எனக்குத் தைரியம் இல்ல. அப்ப மிச்சம் மாடும் நீங்களும்."

"எது சீக்கிரம் ஆறும்?"

"உங்களுடையது. நாலு மாசம். உங்க எலும்புல உயிர் இருக்கு, அது உடனே வேலைய ஆரம்பிக்கும்."

நஸீஹா விரல் விட்டு எண்ணினாள். மார்ச், ஏப்ரல், மே, ஜூன்.

"ஜூன்ல திருகு. ஜூலைல பல்லு?"

"தற்காலிகப் பல்லு, வைக்கலாம். ஆனா முழுசையும் உங்க எலும்பாலயே கட்டணும்னா தாடைலேர்ந்து எடுக்கறது பத்தாது. இடுப்புலேர்ந்து எடுக்கணும். மயக்க மருந்து, ஆஸ்பத்திரி, ரெண்டு காயம். அதையும் நான் செய்வேன். என் கவலை வேற. அது வேகமா ஆறும், வேகமா கரையவும் செய்யும். அஞ்சு மில்லிமீட்டர் சேத்து வச்சா ரெண்டு வருஷத்துல எவ்வளவு நிக்கும்னு என்னால எழுதித்தர முடியாது. மாட்டெலும்பு கரையாது, அப்படியே நின்னு எடத்தக் காப்பாத்தும். ஆனா அத மட்டும் வச்சா எட்டு ஒன்பது மாசம்."

"இடுப்புலேர்ந்தே எடுங்க."

"உம்மி," என்றாள் இன்ஸாஃப்.

"நீ சும்மா இரு. எனக்கு ஜூலை வேணும்."

அப்போதுதான் கதவு திறந்தது.

மொங்கி. கடை ஏப்ரனைக் கழற்றியிருந்தான், ஆனால் ரப்பர் பூட்ஸை மாற்ற மறந்திருந்தான். மார்போடு அணைத்தபடி பழுப்புத் தாளில் சுற்றிய ஒரு பொட்டலம். நஸீஹாவின் கை வாய்க்குப் போவதற்குள் அவன் பார்த்துவிட்டான்.

ஒரு நொடி. அவ்வளவுதான். அவன் பார்வை அவள் முகத்தில் நின்றது, பிறகு மேசைக்கு நகர்ந்தது. ஒன்றும் நடக்காததுபோல் பொட்டலத்தைக் குப்பிகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பிரித்தான்.

மாட்டின் தொடையெலும்பு. மூன்று முறை கொதிக்க வைத்து, சுரண்டி, வெள்ளையாக. ஒரு முனையில் ரம்பத்தால் நேராக அறுக்கப்பட்டிருந்தது.

"டாக்டர், ரெண்டு வயசுக் காளை. என் கையால அறுத்தது, பிஸ்மில்லா சொல்லி. மூணு தடவ கொதிக்க வச்சாச்சு. இதையே வச்சுடுங்க. அவளுக்கு வேற எதுலயும் மனசு வராது. பத்தலன்னா இன்னொரு காலும் எடுத்து வச்சிருக்கேன்."

உதவிப் பெண்ணுக்கு முதலில் மூக்கில் ஒரு சத்தம் வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை, சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்குவது எல்லோருக்கும் தெரிந்தது. மொங்கியின் காது சிவந்தது. சந்தையில் யாரையும் ஒரு வார்த்தையில் அடக்கிவிடுகிறவன், இப்போது பொட்டலத் தாளின் ஓரத்தை மடித்து மடித்து நீவினான்.

நஸீஹா வாயிலிருந்து கையை எடுத்தாள்.

"எதுக்கும்மா சிரிப்பு? ஆறு மணி நேரம் அடுப்புல வச்சிருக்கார் மனுஷன். எலும்பப் பாத்தா தெரியல?" பல் இல்லாத வாயில் சொற்கள் கொஞ்சம் குழைந்தன. அவள் நிறுத்தவில்லை. "எனக்காகக் கொண்டுவந்தது அது."

டாக்டர் யுஸ்ரா சிரிக்கவில்லை. எலும்பை இரு கையாலும் எடுத்து அறுத்த முனையை விளக்கின் கீழே திருப்பினாள்.

"ஹாஜி, இத யாரு அறுத்தது? இவ்வளவு நேரா என்னால அறுக்க முடியாது."

மொங்கி நிமிர்ந்தான்.

"இங்க பாருங்க லல்லா நஸீஹா. வெளிய கெட்டிச் சுவர். உள்ள தேன்கூடு மாதிரி. உங்க தாடையும் இதேதான். ஹாஜி, நீங்க மூணு தடவ கொதிக்க வச்சீங்க. உள்ள இன்னும் கொழுப்பு இருக்கு, சரியா?"

"இருக்கும். மோந்து பாத்தா தெரியும். கொழுப்பு லேசுல போவாது."

"அதனாலதான் இத வைக்க முடியாது. உடம்பு இத அந்நியன்னு விரட்டும். அந்தக் குப்பில இருக்கறதும் மாடுதான், ஆனா அத நெருப்புல போட்டு, கறி, கொழுப்பு, ரத்தம் எல்லாம் போய், வெறும் சுண்ணாம்புக் கூடு மட்டும்தான் மிச்சம். குறுணைக்கு மேல போட்டு மூடற மெல்லிசு சவ்வும் மாட்டுடையதுதான். வழக்கமா வர்றது பன்னி. உங்க பொண்ணு போன வாரமே கேட்டுட்டா, நான் வேற வரவழைச்சுட்டேன்."

மொங்கி குப்பியைத் திறந்து, ஒரு குறுணையை உள்ளங்கையில் கொட்டி, நகத்தால் நசுக்கினான். மோந்து பார்த்தான். முப்பத்தெட்டு வருடக் கசாப்புக்காரனின் மூக்கு.

"ஒண்ணுமில்ல," என்றான் மனைவியிடம். "நஸீஹா, இதுல மாடே இல்ல. கல்லு. கல்ல எவன் அறுத்தா என்ன?"

"அது போகட்டும். நான் இடுப்புலேர்ந்து எடுக்கச் சொல்லிட்டேன். நாலே மாசம்."

மொங்கி டாக்டரைப் பார்த்தான். டாக்டர் எல்லாவற்றையும் திரும்பச் சொன்னாள்: சீக்கிரம் ஆறுவது, சீக்கிரம் கரைவது. அவன் கேட்டு முடித்துவிட்டு, ஸ்டூலை இழுத்து மனைவிக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தான்.

"போன வருஷம் மஹ்ரஸ் பக்கமிருந்து ஒரு செம்மறி வந்துச்சு, ஞாபகம் இருக்கா? முன்னங்கால் எப்பவோ ஒடஞ்சு கூடினது. அந்த எடத்துல கத்தி எறங்கல. ரம்பம் போட்டேன். ஒடஞ்ச எடம் மத்த எடத்தவிடத் தடிமனா இருந்துச்சு. மேய்க்கிறவன் கட்டுப்போட்டு ஆறு மாசம் கொட்டகைல வச்சிருந்தானாம். வேற ஆடுகளும் பாத்திருக்கேன். சந்தைக்கு நேரமாச்சுன்னு கட்டப் பிரிச்சு நடக்கவிட்டது. கூடத்தான் செய்யும், ஆனா வளைஞ்சு, மெலிஞ்சு. தட்டினா அங்கேயே ஒடையும்."

"என்னை ஆட்டோட சேக்கற."

"எனக்குத் தெரிஞ்சது ஆடுதான். தெரியாததப் பேசி உன்னை ஏமாத்தச் சொல்றியா?"

அறுத்த எலும்பின் தேன்கூட்டை நஸீஹா விரலால் தொட்டாள். எத்தனை ஆயிரம் முறை இதைக் குழம்பில் போட்டிருப்பாள். உள்ளே இப்படி ஒரு வீடு இருக்கிறது என்று பார்த்ததில்லை. ஒவ்வொரு அறையும் இன்னொரு அறைக்குள் திறந்தது.

"ரெண்டையும் கலக்கலாம்," என்றாள் டாக்டர். "நான் முதல்லயே சொல்ல நெனச்சது அதான். கடவாய்ப்பல்லுக்குப் பின்னாடி தாடைலேர்ந்து கொஞ்சம் சுரண்டி எடுப்பேன், வாய்க்குள்ளயே வேலை முடிஞ்சுடும். அதுல பாதி, இதுல பாதி. மாடு சாரம் கட்டும். உங்க எலும்பு கொத்தனார். ஆறு மாசம். ஆகஸ்ட்ல திருகு, டிசம்பர்ல நெசமான பல்லு."

"ஜூலைல?"

"மேட்ட அழுத்தாத மாதிரி தளர்வா ஒரு தகடு தருவேன். பேசலாம், போட்டோல நிக்கலாம். குலவை விட்டா மறுபடியும் விழும். பொய் சொல்ல விரும்பல."

இன்ஸாஃபின் பையில் போன் ஒருமுறை அதிர்ந்தது. அவள் எடுக்கவில்லை.

நஸீஹா மொங்கியைப் பார்த்தாள். அவன் ஒன்பது வருடத்தில் முதல்முறையாக அவள் முழு முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தான், வேறு எங்கும் பார்க்கத் தோன்றாதவன்போல்.

"கலந்துடுங்க," என்றாள் நஸீஹா. "பாதி மாடு, பாதி நான். வியாழக்கிழமை வரேன்."

*

வேனில் முன்னிருக்கையில் அவள். மடியில் பொட்டலம். சூப்புக்கு ஆகும் என்று திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். தகட்டுப் பெட்டி கையில். திறந்து மாட்டப்போனாள்.

"விடு," என்றான் மொங்கி, சாலையைப் பார்த்தபடி. "நான் பாத்துட்டேன்ல. இனிமே யாருக்கு?"

பெட்டியை மூடினாள். ஆலிவ் எண்ணெய் லாரி ஒன்று முன்னால் ஊர்ந்தது.

"அசிங்கமா இருந்துச்சா?"

"நீ அந்தப் பொண்ணத் திட்டினப்பவா? நான் உன்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப உன் அண்ணனத் திட்டிக்கிட்டு இருந்த. அதே மாதிரிதான் இருந்துச்சு."

அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு சொன்னாள், "ஜூலைல நான் ஊமையா நிப்பேன் மொங்கி. என் பொண்ணு கல்யாணத்துல."

"எதுக்கு ஊமையா நிக்கணும்?"

"தகடு விழும்னு டாக்டர் சொன்னது காதுல விழலியா?"

"தகடு விழும். உன் நாக்குமா விழும்? கடைக்கு வர்ற கெழட்டு ஆட்டுக்கு வாயில ஒரு பல்லு இருக்காது. அதுதான் துறைமுகம் வரைக்கும் கேக்கற மாதிரி கத்தும்."

"மறுபடியும் ஆடு."

"கத்திப் பாரேன்."

"ரோட்லயா?"

"உன்னால முடியாது, விடு. தலந்தாகிட்டயே சொல்லிடுவோம்."

நஸீஹா அவனை ஒரு பார்வை பார்த்தாள். லாரி சிக்னலில் நின்றது, வேனும் நின்றது. அவள் வலது கையைத் தூக்கி உதட்டுக்கு முன்னால் வைத்தாள், காலங்காலமாகப் பெண்கள் வைக்கும் அதே விதத்தில். அந்தக் கைக்குப் பின்னால் பல் இருக்கிறதா இல்லையா என்று எந்தக் கல்யாணத்திலும் யாருக்கும் தெரிந்ததில்லை. இது இவ்வளவு நாள் தனக்கு ஏன் தோன்றவில்லை என்று அவள் நினைத்து முடிப்பதற்குள் நாக்கு தொடங்கிவிட்டது.

முதல் சுற்றில் காற்றுதான் வந்தது. இரண்டாவதில் குரல் வந்தது. மூன்றாவதில், அன்று சர்பத் தட்டில் பல் விழுந்த அதே மூன்றாவதில், விழுவதற்கு ஒன்றும் இல்லை. நாக்கு தடையில்லாமல் சுழன்றது. குலவை உயர்ந்து, வேனின் தகரத்தில் மோதி, பாதி திறந்த சன்னல் வழியாக வெளியே போனது.

பஸ் நிறுத்தத்தில் காய்கறிப் பையோடு நின்ற ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். யாருக்கு என்ன நல்லது நடந்தது என்று அவளுக்குத் தெரியாது. பையைக் கீழே வைத்தாள். கையை வாய்க்குக் கொண்டுபோய்ப் பதில் குலவை விட்டாள். அவளுக்குப் பக்கத்தில் நின்றவளும் சேர்ந்துகொண்டாள்.

சிக்னல் பச்சையானது. மொங்கி வண்டியை எடுக்க மறந்திருந்தான். பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள்.

"கொஞ்சம் காத்து ஜாஸ்தி," என்றான். "ஜூலைக்குள்ள சரியாயிடும்."

பின்னிருக்கையில் இன்ஸாஃப் கண்ணைத் துடைத்துக்கொண்டு பையிலிருந்து போனை எடுத்தாள். வேண்டாம், எதையும் மாற்ற வேண்டாம் என்று எழுதத்தான் எடுத்தாள். நிஸாரின் பதில் ஏற்கெனவே வந்திருந்தது.

'உம்மிதான் முக்கியம். டிசம்பர். என் அம்மாகிட்டயும் இப்பவே சொல்லிட்டேன். மண்டபத்த மாத்தறதுக்கு உங்க அம்மாவக் கூப்பிடறாங்க.'

அவள் படித்து முடித்த அதே நேரம் நஸீஹாவின் மடியில், எலும்புப் பொட்டலத்தின் மேல், போன் ஒலித்தது. திரையில் சம்பந்தியம்மாவின் பெயர்.

"உம்மி, எடுக்காத. நான் ஒண்ணு சொல்லணும்."

நஸீஹா கண்ணாடியில் மகளின் முகத்தைப் பார்த்தாள். காலையில் மேசைக்கடியில் குனிந்திருந்த அதே முகம்.

"தேதிய மாத்தச் சொன்னியா?"

இன்ஸாஃப் ஆமென்று தலையசைத்தாள்.

"எனக்காகவா?"

அதற்கும் தலையசைத்தாள்.

போன் நான்காவது முறை ஒலித்தது. மொங்கி வண்டியை ஓரமாக நிறுத்தினான்.

"எடு," என்றான். "ஜூலைதான்னு சொல்லு. போன்ல பல்லு தெரியாது."

நஸீஹா பச்சைப் பொத்தானை அழுத்தினாள். அந்தப் பக்கம் "நஸீஹா, பையன் இப்பத்தான் ஏதோ சொன்னான்..." என்று தொடங்கியது. இவள் ஹலோ சொல்லவில்லை. போனை இடது கைக்கு மாற்றி, உதட்டுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, வலது கையை வாய்க்கு முன்னால் உயர்த்தினாள்.